மதாம் உகெத் கொடுத்த வளையம்

மதாம் உகெத் பிரான்சில், லிமோழ் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற அன்றே சபதம் போட்டுவிட்டார்.

"ஊர் அழுக்கெல்லாம் தொவச்சாச்சு. இனிமே என் வீட்ல சனிக்கிழமை மட்டுந்தான் துணி நனையும்."

அதனால் அவர் மேசையில் விருந்தாளிக்கு டிஷ்யூ பேப்பர்தான். வீட்டு ஆளுக்கு மட்டும் வாய் துடைக்கத் துணி. சாப்பிட்டதும் அதைச் சுருட்டி, தனக்கென்று உள்ள மரவளையத்தில் செருகி, இழுப்பறையில் வைக்க வேண்டும். மறுநாளும் அதே துணி.

நான் கூரை வேலைக்காரன். பதினாலு வயதில் பள்ளியை விட்டவன். மனைவி என்னை விட்டுப் போன பிறகு, இரவுச் சாப்பாட்டோடு சேர்த்து அவருடைய கீழ் அறையில் குடிவந்தேன். எனக்கு வளையம் கிடைக்க மூன்று வருடம் ஆனது. ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சூப்பைக் குடித்தேன். வேறென்ன செய்ய?

அதற்கப்புறம் மாடி அறைக்கு யெசேனியா வந்தாள். பெரு நாட்டிலிருந்து பீங்கான் பற்றிப் படிக்க வந்த பெண். பிரெஞ்சுச் சாப்பாடு என்றால் பெரிய தட்டில் விரல் நீள மீனும் நாலு சொட்டுக் குழம்பும் என்று டி.வி.யில் பார்த்து நினைத்திருந்தாளாம். முதல் நாள் அவள் முன்னால் வந்தது முட்டைக்கோசும் பன்றிக் கொழுப்பும் போட்ட சூப். மிச்சச் சூப்பில் நான் சிவப்பு ஒயினை ஊற்றித் தட்டோடு தூக்கிக் குடித்ததைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தாள். ஒரே மாதத்தில் அவளும் அப்படித்தான் குடித்தாள்.

உருளைக்கிழங்கை அடுக்கி, மாவால் மூடிச் சுட்டு, நடுவில் துளை போட்டுப் பாலேடு ஊற்றுவார் மதாம். அதைப் பார்த்து அவள் வம்பிழுத்தாள்.

"எங்க ஊர்ல உருளைக்கிழங்கே ஆயிரக்கணக்கான வகை, மதாம்."

"இருந்துட்டுப் போகட்டும். அதுல ஒண்ணுக்காவது இப்படிப் பாலேடு ஊத்துறீங்களாடி?"

மூன்று துண்டு தின்றாள்.

நாலாவது மாதம் அவள் தட்டருகே வளையம் வந்தது. எனக்கு மூன்று வருடம், இவளுக்கு நாலே மாதமா? வயிறு எரிந்தது.

மறுநாள் அவள் துணியை விரித்தாள். முந்தின நாள் குழம்புக் கறை அப்படியே இருந்தது. முகம் சுண்டிப்போயிற்று. பையிலிருந்து டிஷ்யூ எடுத்துத் துடைத்துக்கொண்டாள். துணியை அழுக்குக் கூடையில் போட்டாள். மதாம் வேறு துணி வைத்தார். அதுவும் மறுநாள் கூடைக்குப் போனது. மூன்று நாள் இப்படியே.

நாலாம் நாள் படிக்கட்டில் என்னைப் பிடித்தாள்.

"தியெரி, நான் ஹாஸ்டலுக்குப் போறேன். எங்கம்மா வீட்டு வேலை செய்றவங்க. போற வீட்லயெல்லாம் அவங்களுக்குத் தனித் தட்டு, பழைய துணி. வந்த புதுசுல எனக்குப் புதுப் பேப்பர் வச்சாங்க. இப்ப யார் துடைச்சதோ, அழுக்குத் துணி. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

ஒரு வாக்கியத்தில் நான் விளக்கியிருக்கலாம். "ம்" என்று சொல்லிவிட்டு என் அறைக்குள் போய்விட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அன்று மாலை மேசையில் அதே உருளைக்கிழங்குப் பண்டம். அவளுக்காகவே செய்தது. ஆனால் அவள் தட்டருகே வளையம் இல்லை. டிஷ்யூ பாக்கெட்டை வைத்தார் மதாம். "எங்க துணி அவளுக்கு ஆகலபோல" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

நான் எழுந்து இழுப்பறையைத் திறந்தேன். என் துணியை மேசையில் விரித்துப் போட்டேன்.

"இங்க பாரு, யெசேனியா. இது திங்கக்கிழமை கடுகுச் சாஸ். இது நேத்து சூப்பு. எல்லாம் என் வாய்தான். வேற எவனும் இதத் தொடமாட்டான். பேப்பர் விருந்தாளிக்கு. துணி இந்த வீட்டு ஆளுக்கு. மூணு வருஷம் நான் பேப்பர்லதான் தொடச்சேன். உனக்கு நாலே மாசம். பொறாமை. அதான் வாயத் திறக்கல."

அவள் மதாமைப் பார்த்தாள். மதாம் தன் மடியிலிருந்த துணியை எடுத்துக் காட்டினார். என்னுடையதைவிட மோசம்.

யெசேனியா எழுந்து போய்க் கூடையைக் கிளறி, கசங்கிய துணி ஒன்றோடு வந்தாள்.

"அத விடுடி, வேற தர்றேன்."

"இன்னும் சனிக்கிழமை வரலையே, மதாம்."

மடியில் விரித்து உட்கார்ந்தாள். மதாம் பண்டத்தை வெட்டியபடி என்னைப் பார்த்தார்.

"பொறாமையாம்! மூணு வருஷம் வாயத் திறந்து ஒரு வார்த்தை பேசுனியா நீ? பேசியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன்."

ஒரு வாய் தின்றேன். "நல்லா இருக்கு, மதாம்" என்றேன். அந்த வீட்டில் அதுவரை நான் அதைச் சொன்னதே இல்லை.

"காதுல விழல. இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

யெசேனியா படிப்பு முடியும்வரை இரண்டு வருடமும் எங்களோடுதான் இருந்தாள். போன மாதம் ஊரிலிருந்து போட்டோ அனுப்பினாள். அவள் அம்மா மேசையில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் அதே பண்டம், பக்கத்தில் ஒரு மரவளையம், மடியில் கறை படிந்த துணி. மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பாலேடு பத்தாது" என்றார். பிறகு மூக்கைத் தன் துணியிலேயே துடைத்துக்கொண்டார். அன்று செவ்வாய்க்கிழமைதான்.