பந்து இல்லாத படம்

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்து, பங்குனி மாதம், தென் திருவிதாங்கூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் இது நடந்தது. கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர்கள் மறுப்பு எழுதுவார்கள். அதற்கு நான் மறுப்பு எழுத வேண்டிவரும். எனக்கு வயல் வேலை இருக்கிறது.

அந்தக் கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் கால்பந்து அறை என் பொறுப்பில் இருந்தது. பந்துக்காரர் என்பார்கள். ரப்பர் பையை உள்ளே வைத்துக் காற்றடித்து, தோலின் வாயை வாரால் இழுத்துக் கட்டுவது என் வேலை. சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது, சட்டைகளை வெளுக்கப் போட்டு வாங்குவது, ஆனி ஆடி மழையில் நனைந்து கல்லாய்க் கனத்த பந்தை உலர்த்துவது, எல்லாம் நான்தான். சம்பளம் கொடுத்தார்கள், செய்தேன். அதைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை.

வருடக் கடைசியில் டீமைப் போட்டோ எடுப்பார்கள். முன்வரிசை நாற்காலிகளில் பிரின்சிபால், விளையாட்டுக்குப் பொறுப்பான வாத்தியார், கேப்டன், மூத்த ஆட்டக்காரர்கள். மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள். கேப்டனின் இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு பந்து. அதில் வெள்ளை எழுத்தில் அந்த வருடம் எழுதியிருக்கும். அது என் எழுத்து. ஆடித் தேய்ந்துபோய், இனி உதவாது என்று தள்ளிய பந்து ஒன்றைத் துடைத்து, சிப்பிச் சுண்ணாம்பைக் குழைத்து, தென்னை ஈர்க்குச்சியால் தொட்டு எழுதுவேன். நாற்காலிகளை நான்தான் கொண்டுபோய்ப் போடுவேன். எழுத்து முன்னால் தெரியும்படி பந்தைத் திருப்பி வைத்துவிட்டு ஓடி ஒதுங்கிக்கொள்வேன். அதுதான் வழக்கம்.

அந்தப் படங்கள் எல்லாம் கல்லூரி ஹாலில் வரிசையாகத் தொங்குகின்றன. ஒரு தடவை என் மனைவியின் தம்பி அங்கே நாடகம் பார்க்க வந்தான். படங்களை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்துவிட்டு, "அத்தான், இதுல நீரு எங்க?" என்று கேட்டான். நான் பந்தைக் காட்டி, அந்த எழுத்து என்னுடையது என்றேன்.

"பந்து கெட்டிக் கெட்டி நீரு பந்தாவே ஆயிட்டீரு போல" என்று சிரித்தான்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஐம்பத்தைந்து வயதானதும் ஓய்வு பெறச் சொன்னார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. கல்லூரி தினத்தன்று தேநீர் விருந்து, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி ஒன்று பரிசு என்று ஏற்பாடு செய்தார்கள். கைத்தடி எனக்கு எதற்கு? கொட்டாரம் சந்தைக்கு நடந்தே போய் நடந்தே வருகிற ஆள் நான். சில நாட்கள் முன்னதாகவே விளையாட்டு வாத்தியாரிடம் போய், விருந்தும் வேண்டாம், தடியும் வேண்டாம், இந்த வருடப் படத்தில் ஓர் ஓரமாக நானும் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் அதே கல்லூரியில் படித்து, அதே மைதானத்தில் ஆடி, பிறகு அங்கேயே வாத்தியாராக வந்தவர். அவர் மாணவராக உட்கார்ந்திருக்கிற படத்திலும் என் எழுத்துத்தான் இருக்கிறது. "பாப்போம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண் கேட்டுப் போன வீட்டில் இப்படிச் சொன்னால், செம்பில் மிச்சமிருக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கு ஆசை கண்ணை மறைத்துவிட்டது. என் மனைவி வேட்டிக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்தாள். பெட்டியிலிருந்த கோட்டை எடுத்து உதறி வெயிலில் போட்டாள்.

விருந்து முடிந்தது. என்னைப் பற்றி நன்றாகவே பேசினார்கள். நான் இல்லாவிட்டால் டீமே இல்லை என்றார் வாத்தியார். கைத்தடியைக் கொடுத்தார்கள், கை தட்டினார்கள். பிறகு போட்டோவுக்காக எல்லாரும் மைதானத்துக்கு வந்தோம். வழக்கம்போல நாற்காலிகளைப் போட்டேன். கடைசியில் ஒன்று கூடுதலாகப் போட்டேன். எல்லாரும் உட்கார்ந்ததும் கைத்தடியை அதன் காலில் சாய்த்து வைத்துவிட்டு, பந்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, பந்தை நடுவில் வைக்கச் சொன்னார். அதற்குள் வாத்தியார் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஓய், எழும்பும். உமக்குத் தனியா ஒண்ணு எடுக்கச் சொல்லியிருக்கு. அந்தப் புளியமரத்து மூட்டுல கம்பைப் பிடிச்சிட்டு நின்னா போரும்."

அந்தப் படம் ஹாலில் தொங்குமா என்று கேட்டேன். அதெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இது டீம் படம், ஆடுகிறவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் என்றார். நான் அசையவில்லை. அவர் குரல் தடித்தது.

"இன்னைக்கு உம்மை இருத்தினா நாளைக்குத் தோட்டக்காரன் கேப்பான். அடுத்தால குப்பை வாருத தூப்புக்காரன் கேப்பான்."

"கேக்கட்டும் சார். அவனும் இங்க வேல செய்யுதவன்தானே."

அந்தக் கல்லூரியில் சாதி பார்ப்பதில்லை என்று ஒவ்வொரு விழாவிலும் மேடையில் சொல்வார்கள். உண்மைதான். டீமில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அங்கே நாற்காலிக்குத்தான் சாதி இருந்தது.

பின்வரிசையில் நின்ற கோல்கீப்பர் பையன் மட்டும் வாய் திறந்தான். "அண்ணாச்சி ஓரத்துலதானே சார் இருக்காரு. இருந்துட்டுப் போட்டும்." வாத்தியார் திரும்பிப் பார்த்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குப் பரீட்சை இருந்தது. அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேப்டன் நேராகக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரின்சிபால் தன் கடிகாரத்தைப் பார்த்தார். வெயில் இறங்குகிறது, சீக்கிரம் ஆகட்டும் என்றார் போட்டோக்காரர்.

நான் எழுந்தேன். அப்பாடா என்று எல்லாரும் சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள். நான் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். ஓரமாகப் போகவில்லை. ஆட்டம் நடக்கும்போது நான் காலெடுத்து வைக்கக் கூடாத மைதானத்தின் நட்டநடுவே, நானே போட்ட சுண்ணாம்பு வட்டத்தை மிதித்துக்கொண்டு போனேன்.

"ஓய், பந்தை வச்சிட்டுப் போவும்" என்று வாத்தியார் பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

"பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் மனைவி கோட்டை வாங்கி மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"கம்பை எதுக்கு விட்டுட்டு வந்தியரு? கோழி பத்தவாவது ஆயிருக்கும்லா."

பிறகு பந்தைப் பார்த்தாள். திருட்டுப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்று பயந்தாள். காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன் என்றேன்.

"தோலு அவியளுக்கு உள்ளது. எழுத்தும் அவியளுக்கா?" என்றாள்.

ஈரத் துணியை எடுத்து வருடத்தைத் துடைத்தேன். காலையில் கல்லூரி ஆபீசுக்குப் போய்ப் பந்தை மேசைமேல் வைத்தேன். அதைப் புரட்டிப் பார்த்த குமாஸ்தா, இதில் எழுதியிருந்தது எங்கே என்று கேட்டார். அது என்னுடையது, எடுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கே ஊர் முழுதும் பேசினார்கள். வயதானால் புத்தி கெடும் என்றார்கள். கடைசி நாளில் பெயரைக் கெடுத்துக்கொண்டான் என்று என் காதுபடச் சொன்னவர்களும் உண்டு. அவர்களை யாரும் வருடக்கணக்காக நாற்காலி போட்டுவிட்டு ஓடச் சொன்னதில்லை.

நாலு வருடம் கழித்து, மச்சினன் மகனைக் கல்லூரியில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். ஹாலில் அந்தப் படம் இருந்தது. வெயில் போவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று அப்படியே எடுத்திருக்கிறார்கள். நான் போட்ட கூடுதல் நாற்காலியை எடுத்து ஒளித்துவிட்டார்கள். ஆனால் கேப்டனின் கால்கள் மட்டும் வழக்கம்போல அகன்று இருக்கின்றன. நடுவே வெறும் தரை. எந்த வருடம் என்று படத்தில் எங்கேயும் இல்லை.

எனக்கு முன்னால் இரண்டு மாணவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாப் படத்திலும் பந்து இருக்கிறதே, இதில் மட்டும் ஏன் இல்லை என்று ஒருவன் கேட்டான்.

"உனக்குத் தெரியாதா மக்கா? இங்க முந்தி ஒரு பந்துக்காரரு இருந்தாராம். அவருக்கு இருக்க எடம் குடுக்கலன்னு பந்தை எடுத்துட்டுப் போயிட்டாராம்."

மச்சினன் மகன் என் கையைச் சுரண்டினான். பேசாமல் வா என்று நடந்தேன்.

பந்து இருந்த படங்களைப் பார்த்து, மச்சினனைத் தவிர, என்னைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. இல்லாத படத்தைப் பார்க்கிறவன் ஒவ்வொருவனும் கேட்கிறான், அவனுக்கு யாராவது என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அந்தச் சுவரில் எனக்குக் கிடைத்த இடம் அதுதான், அதையும் அவர்கள் கொடுக்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன்.