இரட்டை அட்டைப் பெட்டியும் அச்சுப் பலகாரமும்

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடியின் ஆறாம் மாடியில் இருந்தோம். மனைவி கிழமை நாட்களில் பக்டரிக்குப் போவாள். சனி, ஞாயிறுகளில் அச்சுப் பலகாரம் சுட்டு விற்பாள். பூப்போல விரிந்த, கை பட்டாலே உடையும் பலகாரம். ஒருநாள் மொன்றியல் கலியாண வீடொன்றில் இருந்து ஓடர் வந்தது. இருநூறு, கூரியரில் அனுப்ப வேண்டும்.

"இது முழுசாப் போய்ச் சேர்ந்தால் அவையின்ர சொந்தமெல்லாம் என்னட்டத்தான் எடுக்கும். நான் பக்டரியை விட்டிடுவன்," என்றாள்.

பலகாரம் அவள் பொறுப்பு, பெட்டி என் பொறுப்பு என்று நானே பிரித்துக்கொண்டேன். ஐந்து கிழமை அவகாசம் இருந்தது. பெட்டிக் கொம்பனி ஒன்றில் பதினொரு மாதிரிகள் வாங்கி, இலக்கமிட்டு, நீள அகல உயரங்களைக் கொப்பியில் பதிந்தேன். சிலவற்றுக்கு நெளி அட்டை ஒரு படை, சிலவற்றுக்கு இரண்டு. கருகியதும் கோணியதுமாகக் கழிந்த பலகாரத்தில் இருபதை ஒவ்வொன்றிலும் வைத்து, மாடிப்படியின் உச்சியிலிருந்து உருட்டிவிட்டேன். படிகள் பதின்மூன்று. பெட்டிக்கு மூன்று தரம்.

மூன்றாம் பெட்டி உருண்டபோது ஐந்தாம் மாடித் தமிழர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, அக்கா சாமானோட வெளியால போட்டிட்டாவோ?"

"இல்லைத் தம்பி, பரிசோதனை."

"ஓமோம், நானும் போன மாதம் உப்பிடித்தான் சொன்னனான்."

ஒன்பதாம் இலக்கம்தான் வென்றது. இரண்டு படை, இருபது அங்குலம், இயந்திரப் பாகங்கள் அனுப்பும் பெட்டி. ஒரு மூலைகூட மடங்கவில்லை. ஏறி நின்றேன், அறுபத்தெட்டுக் கிலோ, அசையவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே மா. "பெட்டி: சோதனையில் சித்தி. உள்ளடக்கம்: தூள்," என்று எழுதினேன். ஆகவே பிழை பலகாரத்தில் என்று முடிவுசெய்தேன்.

"கொஞ்சம் தடிப்பாச் சுடலாமோ?"

"செங்கல்லை அனுப்புங்கோ. உடையவே உடையாது."

பிள்ளைகள் தூளுக்குப் பால் ஊற்றிக் காலைச் சாப்பாடாக்கினார்கள். மூன்றாம் கிழமை பாலை மட்டும் கேட்டார்கள்.

அனுப்புவதற்கு முதல்நாள் நான் ஒன்பதாம் இலக்கத்தைத் துடைத்து வைத்துவிட்டுத் திரும்பினேன். மனைவி நாலாம் இலக்கத்தை எடுத்து விரித்துக்கொண்டிருந்தாள். ஒரு படை. கொப்பியில் சிவப்புப் பேனையால் நான் வெட்டிய பெட்டி.

"உது கழிச்ச பெட்டியெல்லோ!"

"கையை எடுங்கோ."

பலகாரத்தை எண்ணெய்த்தாளில் சுற்றி, நாலு சின்னப் பெட்டிகளில் நெருக்கமாக நிமிர்த்தி அடுக்கினாள். அவற்றைப் பெரிய பெட்டியில் வைத்துச் சுற்றிவர இலவசத் தமிழ்ப் பத்திரிகைகளைக் கசக்கி அடைத்தாள். பிறகு காதோடு பிடித்து ஆட்டிக் கேட்டாள். திருப்தியில்லை. இன்னும் இரண்டு தாள் வைத்து ஆட்டினாள்.

"இப்ப சத்தமில்லை. உள்ளுக்கை ஆடினால்தான் உடையும்."

"உதை எங்க பழகினீர்?"

"ஆறு வருசமாப் பக்டரியில பல்ப் அடுக்கிறன்."

"நீர் சொல்லேல்லையே."

"நீங்கள் எங்க கேட்டனீங்கள்? படியில எல்லோ நிண்டனீங்கள்."

பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிவங்களில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'பொதி கட்டுபவர்' என்று வருடாவருடம் எழுதியது என் கைதான்.

நாலாம் நாள் மணப்பெண்ணின் தாய் தொலைபேசியில் வந்தார். நான் கொப்பியோடு நின்றேன்.

"எல்லாம் அப்பிடியே வந்தது, அண்ணை. ஒண்டுதான் உடைஞ்சது."

"எந்த மூலையில இருந்தது?"

"என்ர வாயில."

"உடைவு: ஒன்று. காரணம்: பல்," என்று பதிந்தேன். மனைவி அந்தக் கொப்பியை என் கையிலிருந்து வாங்கி, வெறும் தாள் ஒன்றைக் கிழித்து நீட்டினாள்.

"பக்டரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ, உங்கட எழுத்துத்தான் வடிவு. நாலு வரி காணும். எத்தினை படியெண்டு எழுத வேண்டாம்."