டிஸ்க்கைத் தூங்க வைத்த பத்து நாள்

மயிலாப்பூர் வீட்டில் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த ரேழியில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் பலகை போட்டு ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்திருந்தேன். அதற்கு மானிட்டர் கிடையாது. கூடத்தில் இருந்த என் கம்ப்யூட்டருக்கும் உள்ளறையில் இருந்த என் மனைவியின் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஃபைல்களைச் சேர்த்து வைப்பதுதான் அதன் ஒரே வேலை. தொண்ணூறுகளின் பின்பாதி அது. நிலைப்படி ஓரமாகப் போன கறுப்புக் கேபிளைப் பார்த்துவிட்டு, வந்தவர்கள் எத்தனை சானல் தெரிகிறது என்று கேட்பார்கள். நெட்வொர்க் என்று விளக்கம் சொல்வதில் எனக்குத் தனி அலட்டல் இருந்தது.

அந்தப் பெட்டிக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்கில் என் மனைவியின் மூன்று வருஷ உழைப்பு இருந்தது. அவள் சரித்திரத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சைதாப்பேட்டையில் பல தலைமுறையாக இருந்த ஒரு தோல் வியாபாரிக் குடும்பத்தின் பெண்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள், மொத்தம் நூற்றுத் தொண்ணூறு. அவற்றைக் கெஞ்சி வாங்கி வந்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். ஆறு மாதம் கழித்து அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது, கடிதங்கள் இருந்த டிரங்குப் பெட்டி பழைய பேப்பர்காரரோடு போய்விட்டது. உலகத்தில் அந்தக் கடிதங்கள் மிச்சம் இருந்தது எங்கள் ரேழியில் மட்டும்தான்.

ஏப்ரல் கடைசியில் டிஸ்க் 'டொக், டொக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. கழற்றிக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைக்கு ஓடினேன். ரிப்பேர் கடைக்காரர் அதை ஓடவிட்டுக் காதோடு வைத்துக் கேட்டார்.

"இது போய்க்கினே கீது சார். உள்ள இன்னா கீதோ, மொதல்ல வேற எடத்துக்கு மாத்திக்க."

எங்கே மாற்றுவது? ஒரு கடிதத்தின் படமே ஒரு ஃபிளாப்பியில் அடங்காது. மற்ற இரண்டு கம்ப்யூட்டரிலும் இடம் இல்லை. நல்லவேளையாக மச்சினன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வருவதாக இருந்தான். புது டிஸ்க் ஒன்று வாங்கி வரச் சொல்லி போன் செய்தோம். பத்து நாள் இருந்தது.

பத்து நாள் இதை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். வெயிலில் டிஸ்க் தொட முடியாதபடி கொதித்தது. ஓடினால்தானே தேயும்? பெட்டியையே அணைத்து வைக்க என் நெட்வொர்க் பெருமை இடம் தரவில்லை; மூன்று நிமிஷம் யாரும் ஃபைல் கேட்காவிட்டால் டிஸ்க் மட்டும் சுழல்வதை நிறுத்திக்கொள்ளும்படி செட் செய்தேன். மனைவியிடம், "உன் தம்பி வர வரைக்கும் அதை நீ தொடவே தொடாதே" என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள்.

டிஸ்க் நின்றது. ஐந்து நிமிஷத்தில் 'வ்வீ' என்று தானே எழுந்தது. மறுபடி நின்றது, மறுபடி எழுந்தது. அது கிளம்பும்போதெல்லாம் நான் ரேழிக்கு ஓடினேன்.

சும்மா இருக்கும் கம்ப்யூட்டர் உண்மையில் சும்மா இருப்பதில்லை என்பதை அந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன். 'நான் இருக்கிறேன்' என்று இருபது நிமிஷத்துக்கு ஒரு வரி டைரி எழுதும். அதை நிறுத்தினேன். ஒரு ஃபைலைப் படித்தால்கூட, படித்த நேரத்தைக் குறித்து வைக்கும். அதையும் நிறுத்தினேன். யாருக்கும் வராத தபாலை மணிக்கொரு தரம் தேடியதையும் நிறுத்தினேன். டிஸ்க்கை எழுப்புவது எது என்று கண்டுபிடிக்க நானே ஒரு புரோகிராம் எழுதினேன். கண்டுபிடித்ததை அது டிஸ்க்கிலேயே எழுதி வைத்து, அதை எழுப்பிக்கொண்டிருந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு அதையும் தூக்கினேன்.

ஆனாலும், ஆபீஸிலிருந்து வந்து தொட்டுப் பார்த்தால் பெட்டி சுடும். பகலில் ஏதோ ஒன்று அதை எழுப்பிக்கொண்டே இருந்தது. ஆறாம் நாள் லீவு போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போலக் கிளம்பி, தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, சத்தமில்லாமல் ரேழியில் தரையில் உட்கார்ந்தேன். சொந்த வீட்டில் திருடன் மாதிரி இருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. கீபோர்டு சத்தம் இல்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

'வ்வீ.' எழுந்தது. வாட்சைப் பார்த்தேன். மூன்று நிமிஷத்தில் நின்றது. எட்டு நிமிஷம் கழித்து மறுபடி எழுந்தது. இந்தத் தடவை கிளம்பவே திணறியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கூடத்தில் என் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. எதேச்சையாகக் கேபிளைக் கண்ணால் தொடர்ந்தேன். அது கூடத்தைத் தாண்டி உள்ளறைக்குத்தான் போனது.

கதவைத் தள்ளித் திறந்தேன். திரையில் ஒரு கடிதம். மேஜையில் நீளமான நோட்டுப் புத்தகம். அவள் பேனாவால் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"தொடாதேன்னு சொன்னேனா இல்லையா? இத்தனை நாளா என்ன பண்ணிண்டிருக்கே?"

"காப்பி பண்ணிண்டிருக்கேன். கடைக்காரர் வேற எடத்துக்கு மாத்திக்கச் சொன்னார்னு நீங்கதானே சொன்னேள்?"

"கையாலயா? நீ ஒவ்வொண்ணா திறக்கத் திறக்க அது எழுந்து எழுந்து சாகறது. கொன்னுண்டிருக்கே அதை!"

"அது செத்தா சாகட்டும். எனக்கு லெட்டர்தான் வேணும்."

"நாலே நாள். புது டிஸ்க் வந்துடும். அதுக்குள்ள போச்சுன்னா உன்னாலதான். அப்பறம் என்னைக் கேக்காதே."

'உன்னாலதான்' என்ற சொல் அவளைத் தைத்துவிட்டது. பேனாவை மூடினாள். நான் அவள் கம்ப்யூட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அதன் பிறகு நாலு நாள் டிஸ்க் ஒரு தடவைகூட எழவில்லை. பெட்டி ஜில்லென்று இருந்தது. வீட்டில் பேச்சும் இல்லை. அவள் ரேழியைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். நான் மட்டும் வரும்போதும் போகும்போதும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மச்சினன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். "அத்திம்பேர், நாலு ஜிகாபைட்!" என்று பெட்டியை நீட்டினான். காபிகூடக் குடிக்காமல் புது டிஸ்க்கைப் பொருத்தி, பழையதை எழுப்பினேன். 'டிக்' என்றது. அவ்வளவுதான். மறுபடி முயன்றேன். 'டிக்.' அவள் உள்ளறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு தடவை முயன்றேன். பிறகு எண்ணவில்லை.

மறுநாள் சிந்தாதிரிப்பேட்டைக்காரர் நான் நடந்ததைச் சொல்லக் கேட்டுக்கொண்டே அதைக் கையில் வாங்கி, ஆட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நாலு நாளு நிறுத்தியா வெச்ச? இன்னா சார் நீ. ஓடிக்கினு இருந்த வரிக்கும் ஓடிச்சி. இந்த மாதிரி பழசு நின்னுச்சின்னா உள்ள ஒட்டிக்கும். மாத்திக்கன்னு அன்னிக்கே சொன்னேனே."

மாற்றிக்கொண்டுதான் இருந்தாள். நான்தான் விடவில்லை. பஸ்ஸில் வரும்போது மனசு தானாகக் கணக்குப் போட்டது. அவள் ஒரு நாளைக்குப் பத்து எழுதினாள் என்றால், நாலு நாளில் இன்னும் நாற்பது கடிதம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "என் தப்புதான்" என்றும் சொன்னேன். அவள் அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சரி" என்றாள். அதைக் கேட்பதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

அந்த நோட்டை வைத்தே ஆராய்ச்சியை முடித்தாள், பட்டமும் வாங்கினாள். நோட்டு இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. அவள் வீட்டில் இல்லாத சமயங்களில் எடுத்துப் பார்ப்பேன். கடைசிக் கடிதத்துக்கு அறுபத்து மூன்று என்று நம்பர் போட்டிருக்கிறாள். தங்கை அக்காவுக்கு எழுதியது. 'குழந்தைக்கு ஜுரம் விட்டதும் நான் புறப்பட்டு' என்பதோடு நிற்கிறது. நான் கதவைத் திறந்த இடம் அது. அந்தக் குழந்தைக்கு ஜுரம் விட்டதா என்று எனக்குத் தெரியாது.