எட்டடி பின்னால் போன வீடு

எங்கள் தெருவில் தட்டக்கா என்றால்தான் அவரைத் தெரியும். மரம் அறுக்கும் மில்லில் பலகைகளைத் தரம் பிரிப்பது அவர் வேலை. ஒவ்வொன்றையும் காதருகே நிமிர்த்தி, விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். "இது சன்னலுக்கு. இது பெட்டி அடிக்கத்தான்" என்று ஒதுக்கிவிடுவார். வேலை நேரம் முடிந்தாலும் கை சும்மா இருக்காது. ஒருமுறை என் வீட்டுக் கதவு தட்டும் சத்தம் கேட்டுப் போய்த் திறந்தேன். "உங்களைக் கூப்பிடலை, கதவைப் பாத்தேன்" என்றார்.

சொந்த வீடு கட்டும் காலம் வந்தபோது மரத்தில்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கணவர் தையல்காரர், அதிகம் பேசாதவர். சரி என்றுவிட்டார். கொழுந்தன்தான் குதித்தார். அவர் கொத்தனார், தெருவில் பாதி வீடு அவர் கை பட்டது.

"அண்ணி, நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நீங்க மர வீட்டுல இருந்தா என்னை என்ன நினைப்பாங்க? கரையான் விட்டுவைக்குமா?"

"அஸ்திவாரம் நீங்கதான் தம்பி போடணும். தரையிலேருந்து ரெண்டடிக்குக் கல்லு வச்சுடுங்க. அதுக்கு மேல என் பொறுப்பு."

மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான பகுதியாகவே பொறுக்கி, ஒரு வருடம் நிழலில் அடுக்கிக் காயவைத்தார். சுவர்களை ஆணியால் அறையாமல் போல்ட் போட்டு முடுக்கினார். ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாமாம். முதல் மழைக்கே வாசல் கதவு உப்பிக்கொண்டது. தையல்காரர் சன்னல் வழியாகக் குதித்துக் கடைக்குப் போனார். கொழுந்தன் ஒரு வாரம் சிரித்தார். தட்டக்கா கதவைக் கழற்றி, ஓரத்தை இழைத்து மாட்டினார். பிறகு தொந்தரவில்லை.

ஆறாவது வருடம் தெருவை அகலப்படுத்த அளவெடுத்தார்கள். எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் முன்பக்கம் எட்டடி போகும். என் முன்னறையில் பாதி அந்த எட்டடியில் சிக்கியது. கொழுந்தன் வீடு வீடாகப் போய், இடிக்கவேண்டிய இடத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தார். அண்ணி வீட்டு முன்னால் வந்ததும் அவருக்குக் கை ஓடவில்லை.

"கோடு வேண்டாம் தம்பி," என்றார் தட்டக்கா. "பின்னாடி இடம் சும்மாதானே கிடக்கு. அஸ்திவாரத்தை அந்தப் பக்கம் எட்டடி நீட்டிக் குடுங்க. வீட்டைத் தள்ளி வச்சுக்கறேன்."

"வீட்டையா?"

"பின்ன, பீரோவையா?"

மில் ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். கூரைத் தகடுகள் இறங்கின. சுவர்களைத் துண்டு துண்டாகக் கழற்றினார்கள். தையல்காரர் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் ஒவ்வொன்றிலும் எண் எழுதினார். பதினோரு நாள் குடும்பமே தையல் கடையில் படுத்து எழுந்தது. நாங்கள் எங்கள் வீட்டை உடைக்கும் தூசியில் இருமிக்கொண்டே வேடிக்கை பார்த்தோம்.

கடைசி நாள் கூரையும் ஏறிய பிறகுதான் தையல்காரர் அதைக் கவனித்தார். சமையலறைச் சன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. தலைகீழாக அடுக்கி வைத்ததில் ஒன்பதை ஆறு என்று படித்து மாட்டிவிட்டார்கள். பின்பக்கச் சமையலறை இப்போது கும்மிருட்டு. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அடியில ஒரு கோடு இழுத்திருக்கணும்," என்றார். திரும்பவும் கழற்றினால் இன்னும் மூன்று நாள்.

தட்டக்கா உள்ளே போனார். சன்னலைத் திறந்து எங்களை எட்டிப் பார்த்தார்.

"காத்து நல்லா வருது. அடுப்பை இங்கயே வச்சுக்கலாம். தம்பி, குழாயை மட்டும் இந்தப் பக்கம் இழுத்துடுங்க."

அன்றைக்கே இழுத்துக் கொடுத்தார் கொழுந்தன். அவர் வீடும் எங்கள் வரிசைதான்; முன்னறை போன பிறகு அங்கே நெருக்கடி. அடுத்த மாதம் மெதுவாக வந்து நின்றார்.

"மாடியில ஒரு ரூம் எடுக்கணும் அண்ணி. கட்டடம் கனம் தாங்காது. பலகைன்னா லேசா இருக்கும்னு..." என்று இழுத்தார்.

"ஞாயித்துக்கிழமை மில்லுக்கு வாங்க," என்றார் தட்டக்கா.

அந்த அறையில் இப்போது கொழுந்தனின் மகள் படிக்கிறாள். தெருப்பக்கச் சமையலறை தட்டக்காவுக்குப் பழகிவிட்டது. காய் நறுக்கிக்கொண்டே போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேசுகிறார். அதனால் சமையல் தாமதமாகிறது என்று தையல்காரர் குறைப்பட்டுக்கொள்கிறார், சன்னலுக்கு வெளியே எங்களோடு நின்றபடியே.