மலை சரியவில்லை

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலிருந்த சரிவைச் சோதிக்கப் போயிருந்தேன். தரையைச் சுத்தியலால் அடித்து, அதிர்வலை மண்ணுக்குள் போகும் வேகத்தை அளப்பது என் வேலை. மழை வலுத்தது. ஆழத்தோடு வேகம் மாறும் சார்பைத் துல்லியமாகக் கணிக்க நேரமில்லை. எளிய பல்லுறுப்புக்கோவையால் தோராயமாகக் கணக்குப் போட்டேன். மண் ஆழம்வரை இளகியிருப்பதாக வந்தது.

லயத்துக்கு ஓடினேன். "எல்லாரும் வெளிய வாங்க!"

கைக்குழந்தையோடு நின்ற செல்வி கேட்டார், "மலை நிச்சயமா சரியுங்களா?"

"தெரியலைங்க. என் கணக்கு தோராயந்தான்."

என் முகத்தையே பார்த்தவர், குழந்தையைப் போர்த்திக்கொண்டு சரிவுக்கு அப்பாலிருந்த பாடசாலைக்கு நடந்தார். மற்றவர்களும் கிளம்பினார்கள்.

மறுநாள் காலை மலை அப்படியே நின்றது. கூசி ஒதுங்கிய என்னிடம் செல்வி பால் சேர்க்காத பிளேன்டீ நீட்டினார். "லயம் நிக்குது, புள்ளைங்க நல்லா இருக்கு. இதுக்கா தலைய குனியிறீங்க?"

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நான் இப்போதெல்லாம் பயப்படுவதில்லை.