வாங்க மட்டும் தெரிந்த டிஷ்

அத்தானுக்கு டிஷ் மாட்டும் வேலை. மாடியில் நின்று ஒரு கண்ணை மூடினால் போதும், செயற்கைக்கோள் இருக்கும் திசையைக் கை தானாகக் காட்டும். கீழே மனிதர்களிடம் அவ்வளவு சரளம் கிடையாது. யாரிடமும் ஒன்றும் கேட்கமாட்டார். பக்கத்து வீட்டு ஏணியைக் கேட்கக்கூட என்னைத்தான் அனுப்புவார். எனக்கோ வாய் திறப்பதற்குள் உயிர் போய்விடும்.

கலவரம் என்று எங்கள் பக்கம் இணையத்தை நிறுத்தினார்கள். வங்கியும் மூடிக் கிடந்தது. அக்காவின் இருதய மாத்திரை தீரப்போகிறது. வெளிநாட்டிலிருந்த அவள் மகன், வங்கி இல்லாமலே கைமாறும் இணையப் பணமான பிட்காயினாக அனுப்புகிறேன் என்று போனில் சொன்னான். மருந்துக்கடைக்காரரும் அதை வாங்கிக்கொள்வார்.

பிட்காயின் கணக்கையெல்லாம் ஒரு செயற்கைக்கோள் இலவசமாகக் கீழே கொட்டிக்கொண்டிருக்கிறதாம். அத்தான் பழைய டிஷ் ஒன்றை அதன் பக்கம் திருப்பினார். லேப்டாப்பில் மகனின் பணம் தெரிந்தது.

"வந்துடுச்சு பாரு!"

மருந்துக்கடைக்காரருக்கு அனுப்பினால் போகவில்லை. ஒயரை மாற்றினார். அப்போதும் போகவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது வாங்க மட்டும்தான் செய்யும், அனுப்பாது. இத்தனை வருஷம் டிவிக்கே மாட்டினேனா, அதை யோசிக்கவே இல்ல."

"வாயத் திறந்து ஒரு வார்த்தை வெளிய விடாதா? உங்கள மாதிரியேதான்," என்றாள் அக்கா.

எங்கள் தெரு மாடிகளில் அத்தான் மாட்டிய சின்ன வைஃபை பெட்டிகள் உண்டு. இணையம் இல்லாமலே வீட்டுக்கு வீடு, மருந்துக்கடை வரைக்கும் செய்தியைக் கடத்தும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவருடைய கூட்டாளி வீட்டில் ஒரு பெட்டி. அங்கே இணையமும் இருந்தது. எங்கள் பெட்டிகளையும் அதையும் இணைக்கும் உயரம் தெருக்கோடிப் புறாக்காரர் மாடிக்கு மட்டும்தான். முன்பு அங்கே வேலை செய்தபோது அத்தான் புறாக்கூண்டைத் தாழிடாமல் வந்துவிட்டார். பூனை புகுந்தது. அன்றிலிருந்து பேச்சில்லை.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தையல் மிஷினைப் பார்த்தேன். அக்கா மாத்திரை அட்டையை மேஜையில் வைத்தாள். இரண்டு மிச்சம். அத்தான் சட்டையை மாட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

புறாக்காரர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"யாரு, பூனைக்கு விருந்து வச்சவரா?"

"உங்க மாடி வேணும்," என்றார் அத்தான் தரையைப் பார்த்து. "அவளுக்கு மாத்திரை வாங்கணும்."

"பொண்டாட்டிக்குன்னாதான் வாய் வருதா?"

"தப்பு என்னோடதுதான்."

புறாக்காரர் கதவை முழுதாகத் திறந்தார். வேலை முடியும்வரை கூண்டின் தாழைப் பிடித்தபடியே நின்றார்.

பணம் போனது. மருந்துக்கடைக்காரர் தன் போனைப் பார்த்துவிட்டு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

இணையம் திரும்பிய பிறகும் பெட்டி அங்கேயே இருக்கிறது. சூட்டுக்குப் புறாக்கள் அதன்மேல் உட்கார்ந்து அசிங்கம் செய்கின்றன. துடைக்க அத்தானே போகிறார், பேச்சு முடிந்து மெதுவாகத்தான் வருகிறார். ஏணி கேட்க மட்டும் இன்னும் என்னைத்தான் அனுப்புகிறார்.