டீத்தூள் பெட்டியில செஞ்ச படகு

குழந்தை செத்த மூணாவது வாரம் நான் படகு செய்ய ஆரம்பிச்சேன். கேக்கறதுக்கு அசிங்கமாத்தான் இருக்கும். அப்பவும் அப்படித்தான் சொன்னாங்க. எண்பதுகள்ல விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. "பொண்டாட்டி அங்க அழுதுக்கினு கிடக்கறா, இவன் பொம்மை பண்ணிக்கினு குந்திக்கினு இருக்கான் பாரேன்"னு எதிர்ல நின்னு என் காதுல விழற மாதிரியே பேசுவாங்க. பேசுனா பேசிட்டுப் போங்கன்னு நான் பாட்டுக்கு பத்தவைக்கிற கம்பியைச் சூடு பண்ணுவேன். எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும்னு அந்தத் தெருவுக்கே தெரியும். அந்த நாலு மாசம் அதுகூட வரல.

பெண் குழந்தை. அஞ்சு நாள் இருந்துச்சு. பொறந்த அன்னைக்கே டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்ட்டு, "இதயத்துல கோளாறு, தங்காதுப்பா, உன் மனைவிகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு"ன்னாங்க. நான் சொல்லல. என் மனைவி கட்டில்ல சாஞ்சிக்கினு என்ன பேர் வைக்கலாம்னு கேப்பா. நானும் பக்கத்துல உக்காந்து பேர் பேராச் சொல்லிக்கினு இருந்தேன். அஞ்சு நாளும். எல்லாம் முடிஞ்சப்புறம், எனக்கு மொத நாளே தெரியும்னு ஒரு நர்சு அவகிட்ட வாய் தவறிச் சொல்லிடுச்சு. அவ அழுவல, திட்டல. துணிமணியெல்லாம் பெட்டியில வச்சி எடுத்துக்கினு திண்டிவனத்துல அவங்க அப்பா வீட்டுக்குப் போயிட்டா.

திரும்பி வருவாளா மாட்டாளா, அதான் கேள்வி. வரலன்னா என் பொழைப்பு அவ்ளோதான்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரியும், ஆனா ஒண்ணும் உறைக்கல. பல் புடுங்க ஊசி போட்டா கன்னம் இருக்குமே, உடம்பு மொத்தமும் அப்படி இருந்துச்சு. சாப்பிடுவேன், தூங்குவேன், கடையைத் தொறப்பேன்.

பிரெஞ்சுப் பட்டாளத்துல பென்ஷன் வாங்குற பாண்டிச்சேரிக்காரர் ஒருத்தர் அதுக்கு முன்னாலயே ஒரு பெட்டியைக் கொண்டாந்து கடையில வச்சிட்டுப் போயிருந்தார். உள்ள ரெண்டு குச்சியும் நீட்டு ஏரியலும் வச்ச கண்ட்ரோல், ஒரு சின்ன ரிசீவர், கைக்கு அடக்கமா ஒரு மோட்டார், சார்ஜ் பண்ற பேட்டரி, ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை. கரண்ட்டுல ஓடுற ரேஸ் படகாம். பேரன் படகை உடைச்சிட்டானாம். ரேடியோவைச் சரி பண்ணி வச்சேன், வந்து பாத்துட்டு "நீங்களே வச்சிக்கோங்க"ன்னு போயிட்டார். பத்திரிகையில படகோட வரைபடம் இருந்துச்சு. எழுத்து ஒண்ணும் புரியல. மில்லிமீட்டருக்கு ஏது பாஷை, அளவு புரிஞ்சது.

மளிகைக் கடையில டீத்தூள் வர்ற பிளைவுட் பெட்டி ஒண்ணு வாங்கிப் பிரிச்சேன். வெந்நீர்ல ஊற வச்சி வளைச்சி, துணி கிளிப்பு மாட்டிக் காய வச்சேன். கடை பூரா டீ வாசனை. மோட்டார்ல இருந்து பின்னால தண்ணியைத் தள்ற விசிறி வரைக்கும் போற கம்பிக்கு சைக்கிள் சக்கரத்துப் போக்கஸ் கம்பி. மோட்டாரையும் கம்பியையும் சேக்கறதுக்கு சைக்கிள் வால்வு ட்யூப். விசிறியை நானே பித்தளைத் தகட்டுல வெட்டிப் பத்த வச்சேன். ஒரு இலை பெருசு ஒரு இலை சிறுசா இருந்தா அதிரும், அதனால அரத்தால ராவி ராவி மூணு நாள் போச்சு. மூணு நாளும் வேற எதையும் நெனைக்க வேண்டியில்ல. அது போதும்னு இருந்துச்சு.

பின்கட்டுத் தொட்டியில முதல்ல விட்டப்ப மூக்கு குத்திக்கினு நின்னுச்சு. ரேஸ் படகுன்னா மூக்கைத் தூக்கணும். பேட்டரியை ரெண்டு விரக்கடை பின்னால தள்ளி வச்சேன், சரியாச்சு. சந்தோஷம் வரணும் இல்ல? வரல. தொட்டித் தண்ணியில கையை விட்டுக்கினு அப்படியே நின்னேன்.

போக்கஸ் கம்பி எங்க மாமனார் குடுத்தது. திண்டிவனத்துல அவருக்குச் சைக்கிள் கடை, பின்னால வீடு. ஞாயித்துக்கிழமை ஆனா நான் பஸ் ஏறிப் போயி அந்தக் கடையில குந்துவேன். அவ வெளிய வர மாட்டா. "காப்பி குடிங்க மாப்ள"ம்பார் அவர், பாவம், வேற என்ன சொல்வார். பேச ஒண்ணும் இல்லாம நான் படகைப் பத்திச் சொல்லுவேன். பசை பிடிக்கல, தண்ணி ஒழுகுது, விசிறி அதிருதுன்னு. மூணு மாசம் போயிருக்கும். ஒரு நாள் கதவுக்கு அந்தாண்ட இருந்து அவ குரல் வந்துச்சு.

"எவ்ளோ வேகம் போவும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "தெரியல. பெரிய தண்ணியில விட்டாத்தான் தெரியும்"னேன்.

"இங்க ஏரி நெறைஞ்சி கிடக்குது." அவ்ளோதான் பேச்சு.

அடுத்த மாசம், கார்த்திகை கடைசி, படகை மடியில வச்சிக்கினு பஸ்ல போனேன். விக்கிரவாண்டியில ஏறின ஒரு ஆள், "இன்னாது சார், மீன் புடிக்கறதா?"ன்னார். ஆமான்னேன்.

ஏரிக்கு மாமனாரும் சைக்கிளை உருட்டிக்கினு வந்தார், அவளும் வந்தா. எளைச்சிப் போயிருந்தா. கனகாம்பரம் வச்சிருந்தா. கரையோரம் மெதந்த வைக்கோல், பாசி எல்லாத்தையும் குச்சியால ஒதுக்கித் தள்ளினேன். விசிறியில ஒரு நூல் சுத்துனாப் போதும், மோட்டார் பொகைஞ்சிடும்.

படகைத் தண்ணியில வைக்கப் போறேன், "இருங்க"ன்னா. தலையில இருந்த பூவை எடுத்துப் படகு மூக்குல ஒரு கொக்கி இருக்கும், அதுல சுத்திக் கட்டினா. எங்கள்ல புது வண்டி எடுத்தாப் பூ வைக்காம ஓட்ட மாட்டோம். சைக்கிளானாலும் சரி, மாட்டு வண்டியானாலும் சரி. "பொம்மைன்னா மட்டும் என்னவாம்?"னு சொல்லி லேசாச் சிரிச்சா. வாழை நார்ல கட்டின பூ. மூக்குல இருந்து அவுந்தா நேரா அடியில போயி விசிறிக்குத்தான் வரும். நனைஞ்ச நாரைக் கத்தியால அறுத்தாத்தான் உண்டு. பாத்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு.

நான் ஒண்ணும் சொல்லல. தண்ணியில வச்சி, கண்ட்ரோல் குச்சியைத் தள்ளினேன்.

அடேங்கப்பா! மூக்கைத் தூக்கிக்கினு வாலால தண்ணியைக் கிழிச்சிக்கினு போச்சு. நாலு மாசம் உக்காந்து செஞ்ச எனக்கே நம்ப முடியல. மாமனார் "ஏய் ஏய் ஏய்"னு சின்னப் புள்ள கணக்கா கத்தறார். அவ கையைத் தட்டிட்டா. ஒரு வளைசல் வளைச்சித் திருப்பினேன். அப்பதான் சத்தம் மாறுச்சு. உறுமினாப்ல ஒரு இழுப்பு, அப்புறம் ஒண்ணும் இல்ல. நட்ட நடுவுல நின்னுக்கினு மெல்லிசாப் பொகை வுட்டுது.

நெஞ்சளவு தண்ணியில எறங்கிப் போயித் தூக்கிக்கினு வந்தேன். அவ கரையில குந்திக்கினு படகைக் கவுத்துப் பாத்தா. கம்பியோட கம்பியா நார் முறுக்கிக்கினு கிடந்துச்சு. பூவெல்லாம் கூழ். நகத்தால சொரண்டினா, வரல.

"என் பூவா?"

"ம்."

"சுத்திக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பா. "தெரியும்"னேன்.

"நான் கட்டும்போதேவா?"

"கட்டும்போதே."

மாமனார் எழுந்து சைக்கிள் பக்கம் போயி பெடலைச் சுத்திப் பாத்துக்கினு நின்னார். அவ என்னையே பாத்தா. அந்தப் பார்வையிலதான் எனக்குக் கோவம் வந்துச்சு, அத்தனை மாசத்துக்கும் சேத்து வச்சி.

"சொன்னா நீ எடுத்துடுவே! எடுத்துக்கினு திரும்பிப் போயிடுவே! நாலு மாசம் கழிச்சி கிட்ட வந்து நிக்கற, பூவை எடுன்னு எப்பிடிச் சொல்றது? பயமா இருந்துச்சுடி எனக்கு. ஆஸ்பத்திரியில அப்பவும் பயம்தான்!" ஏரி பூரா கேக்கற மாதிரி கத்திட்டேன். கத்திக்கினு இருக்கும்போதே அழுகை வந்துடுச்சு. ஈரத் துணியோட நின்னுக்கினு அசிங்கமா அழுதேன்.

நான் ஓய்ஞ்சதும் அவ படகைக் கீழ வச்சா. அப்புறம் நிதானமாச் சொன்னா. "போயிருக்க மாட்டேங்க. அவுத்து என் தலையிலயே வச்சிக்கினு இருப்பேன். அவ்ளோதான். ரெண்டு வாட்டியும் சொல்லியிருக்கலாம்."

அவ பக்கத்துல குந்தினேன். படகை அந்தாண்ட தள்ளி வச்சிட்டு, பொறந்த அன்னைக்கு டாக்டரம்மா கூப்பிட்டதுல இருந்து சொல்ல ஆரம்பிச்சேன். அவங்க என்ன சொன்னாங்க, நான் மாடிப்படியில எவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன், ரெண்டாம் நாள் குழந்தை உதடு எந்தக் கலர்ல இருந்துச்சு, எல்லாத்தையும். அஞ்சாம் நாள் வரைக்கும் சொல்லி முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சு. அது வரைக்கும் அவ எழுந்திரிக்கல.